உத்கியாக்விக் ஊரின் நன்றி நாள் பந்தி

அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உத்கியாக்விக் ஊருக்குப் பள்ளி ஆசிரியராகப் போயிருக்கும் உங்கள் தங்கையை, அமெரிக்கர்கள் நவம்பரில் கொண்டாடும் நன்றி நாளன்று (Thanksgiving) ஊரார் அனைவரும் கூடும் விருந்துக்கு உடன் பணிபுரியும் அம்மையார் ஒருவர் அழைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே என்ன பரிமாறுவார்கள், பச்சையாகவும் உறைந்தும் வரும் இறைச்சியை நம்பிச் சாப்பிடலாமா, வெளியூர்க்காரர் பங்கு வாங்குவது முறையா, வெறுங்கையோடு போவதா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கிவிடும்.

பங்கு வாங்குவது முறைதான். நீட்டிய பங்கை வேண்டாம் என்று தள்ளுவதுதான் சங்கடத்தை உண்டாக்கும். அந்தப் பந்தியில் வரும் திமிங்கில இறைச்சி, யாரோ ஒருவர் தம் வீட்டுத் தேவை போக மிஞ்சியதை மனமிரங்கிக் கொடுக்கும் தானம் என்று நாம் எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு. நடப்பது வேறு. கடற்கரையில் திமிங்கிலத்தை அறுக்கும்போதே இது படகோட்டிகளுக்கு, இது இழுக்க உதவியவர்களுக்கு, இது ஊர் விருந்துக்கு என்று பாகம் பிரித்துவிடுகிறார்கள். நன்றி நாளில் பரிமாறப்படுவது, பல வாரங்களுக்கு முன்பே ஊருக்கென்று ஒதுக்கிவைத்த பாகம். ஆகவே பந்தியில் உட்கார்ந்திருக்கும் எவரும் அதைப் பெறத் தகுந்தவரே.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். அந்த ஊரின் பூர்வகுடி மக்களைப் பன்மையில் இனுபியாத் என்றும், ஒருவரையோ மொழியையோ குறிக்கும்போது இனுபியாக் என்றும் சொல்வது வழக்கம். இனுக் என்றால் மனிதர். பியாக் என்னும் ஈறு 'மெய்யான' என்ற பொருளைத் தருவது. அதே ஈறு உணவைக் குறிக்கும் சொல்லோடு சேரும்போது நிகிபியாக் என்றாகிறது, அதாவது மெய்யான உணவு. கடையில் வாங்கும் கோழியையும் ரொட்டியையும் அவர்கள் அன்றாடம் உண்கிறார்கள், விரும்பியும் உண்கிறார்கள். ஆனால் நிகிபியாக் என்று அவற்றை அழைப்பதில்லை. விருந்துக்கு அழைத்தவர் 'எங்கள் உணவு இருக்கும்' என்று சொல்லியிருந்தால் இதைத்தான் குறிப்பிட்டிருப்பார்.

உத்கியாக்விக் என்பது முன்பு பாரோ என்று வழங்கப்பட்ட ஊர். 2016 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு பழைய பெயருக்கே திரும்பியது. 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 4,900 பேர் வாழ்கிறார்கள். வட அட்சக்கோடு 71 பாகையில் இருப்பதால் நவம்பர் 18ஆம் தேதியையொட்டி மறையும் சூரியன் மறுபடி தலைகாட்ட ஜனவரி 23ஆம் தேதி வாக்கில் ஆகிவிடும். நன்றி நாள் நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வருவதால், அந்த நீண்ட இருட்டு தொடங்கிய சில நாளிலேயே ஊர் கூடி உண்ணுகிறது. கிறிஸ்துமஸ் விருந்து அந்த இருட்டின் நடுவில் வருகிறது. வெளியுலகத்தோடு ஊரை இணைக்கும் சாலை கிடையாது. காய்கறியிலிருந்து கட்டில் வரை எல்லாம் விமானத்திலோ, கோடையில் பனி விலகும்போது வரும் சரக்குத் தெப்பத்திலோ வந்து சேர வேண்டும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இந்த இரண்டு விருந்துகளுக்கும் பெரிதும் கைகொடுப்பது இலையுதிர்கால வேட்டை. வில்போல் வளைந்த பெருந்தாடை உடைய போஹெட் திமிங்கிலங்கள் கோடை முழுவதும் கிழக்கே பியூஃபோர்ட் கடலில் மேய்ந்துவிட்டு, செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் உத்கியாக்விக் கரையோரமாக மேற்கு நோக்கித் திரும்புகின்றன. வசந்தகாலத்தில் கடற்பனியின் விளிம்பில் கூடாரம் அடித்துக் காத்திருந்து, தாடிச் சீல் என்னும் கடல் விலங்கின் தோலைப் போர்த்திய உமியாக் என்னும் படகில் செல்வார்கள்; இலையுதிர்காலத்தில் பனி இராது என்பதால் இயந்திரம் பூட்டிய அலுமினியப் படகுகளில் செல்கிறார்கள். கரைக்கு இழுத்து வந்த பிறகு நேரத்தோடு போட்டி. கெட்டியான கொழுப்புப் போர்வை உடலின் சூட்டை வெளியே விடாது, பனிப்பிரதேசத்தில் கிடந்தாலும் உள்ளிருக்கும் இறைச்சி சீக்கிரமே கெட்டுப்போகும். அதனால் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஊரே கத்தியும் கொக்கியுமாக நின்று அறுத்து முடிக்கிறது.

அறுக்கும் முறையில்தான் பகிர்வின் இலக்கணம் இருக்கிறது. தொப்புளை ஒட்டி உடலைச் சுற்றி ஒரு பட்டை எடுப்பார்கள், அதன் பெயர் தவ்சி, அரைக்கச்சை என்று பொருள். அது படகுத் தலைவருக்கு உரியது. ஆனால் அவர் தம் வீட்டு அடுப்பில் வைத்துத் தின்பதற்காக அன்று. தலைவரின் வீட்டுக் கூரைமேல் அந்தப் படகுக் குழுவின் கொடி ஏறும். கொடியைப் பார்த்தவுடன் ஊரார் வரத் தொடங்குவார்கள். வேகவைத்த புதிய மக்தக்கும் (கொழுப்போடு சேர்ந்த தோல்) நாக்கும் சிறுநீரகமும் வந்தவர்க்கெல்லாம் பரிமாறப்படும். அப்படி வேகவைத்ததற்கு ஊனாலிக் என்று பெயர். தமிழ்க் காதுக்கு 'ஊன்' என்று ஒலிப்பது தற்செயல்தான் என்றாலும், முதன்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எஞ்சிய உடலில், திமிங்கிலத்தைப் பிடித்த குழுவினருக்கும், இழுக்க வந்த மற்றக் குழுக்களுக்கும் பங்கு பிரிகிறது. பின்னுடலில் குறிப்பிட்ட பாகங்களைத் தலைவர் மூன்று விருந்துகளுக்காகப் பத்திரப்படுத்துகிறார்: ஜூன் மாத நலுகதாக் என்னும் வேட்டை நிறைவு விழா, நன்றி நாள், கிறிஸ்துமஸ். எந்த வெட்டு யாருக்கு என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. இன்னொரு வேட்டை ஊரான பாயிண்ட் ஹோப்பில் கேட்டால் உத்கியாக்விக்கின் கணக்குச் செல்லாது.

படகுத் தலைவரை உமியாலிக் என்பார்கள். உமியாக் உடையவர் என்பது நேர்ப்பொருள், செல்வர் என்பதும் அதே சொல்தான். எரிபொருள், வெடியுறை, குழுவினர்க்குச் சாப்பாடு, படகுப் பராமரிப்பு என்று ஆண்டு முழுவதும் செலவழித்துவிட்டு, பிடித்ததை விற்று ஒரு காசும் எடுக்க முடியாத செல்வர் அவர். அவருடைய மனைவிக்கு இதில் கணவருக்குச் சமமான இடம் உண்டு. வேட்டைக்குழுவுக்குத் தோலாடை தைப்பதும், விருந்தின் முழுப் பொறுப்பும் அவருடையவை. கை தாராளமான வீட்டைப் பார்த்தே திமிங்கிலம் தன்னைக் கொடுக்கிறது என்பது பழைய நம்பிக்கை, அந்த வீட்டின் தாராளத்தை அளப்பது பெரும்பாலும் அந்த அம்மாளின் கையை வைத்துத்தான். என் பார்வையில், விருந்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஈட்டி எறிந்தவரை விட்டுவிட்டு அந்த அம்மாளைக் கவனிப்பது நல்லது.

ஒதுக்கிய பாகம் விருந்து வரை இருப்பது சிக்லுவாக் என்னும் நிலவறையில். எந்நாளும் உருகாத உறைமண்ணுக்குள் ஆள் இறங்கும் குழியாகத் தோண்டி, அடியில் அறை குடைந்து, மேலே மரக்கதவு போட்டிருப்பார்கள். மின்சாரம் வேண்டாம்; அங்கே மெதுவாக முதிரும் இறைச்சிக்கு வரும் சுவை மின் உறைபெட்டியில் வருவதில்லை என்று முதியவர்கள் சாதிப்பார்கள். அண்மைக் காலத்தில் நிலம் சூடேறுவதால் சில நிலவறைகளில் நீர் ஊறுகிறது, சில இடிந்துவிட்டன. பாடுபட்டுப் பிடித்தது கெட்டுவிடுமோ என்ற கவலை பல தலைவர்களுக்கு இருக்கிறது.

இனி விருந்து. உத்கியாக்விக்கில் நன்றி நாள், கிறிஸ்துமஸ் பங்கீடுகள் தேவாலயங்களில் நடப்பது மரபு. 1890இல் பிரஸ்பிடேரியன் என்னும் கிறிஸ்தவச் சபையினர் அங்கு வந்தார்கள். அதே ஆண்டில் பாயிண்ட் ஹோப்பிலும் அலாஸ்காவின் வேல்ஸ் ஊரிலும் வேறு சபையினர் வந்திறங்கினார்கள். ஆனால் குளிர்காலத்தில் கூடி உண்டு கொடுப்பது அவர்கள் கொண்டுவந்த வழக்கமன்று. அதற்கு முன்பே ஓர் ஊர் இன்னோர் ஊருக்குத் தூதரை ஓடவிட்டு அழைத்து, நாள்கணக்கில் ஆடிப் பாடிப் பொருள் பரிமாறும் கிவ்கிக் என்னும் தூது விருந்து இருந்தது. அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோய், 1988இல் அந்த வட்டாரத்தின் உள்ளாட்சியான நார்த் ஸ்லோப் பரோ நிர்வாகத்தின் மேயர் ஜார்ஜ் அமோகாக் காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. ஐரோப்பியக் குடியேறிகளின் நாட்காட்டியிலிருந்து வந்த நன்றி நாள் இந்த ஊரில் இவ்வளவு வேகமாக வேர்பிடித்ததற்குக் காரணம், கொடுப்பதற்கென்று ஒதுக்கிய இறைச்சியும் கொடுக்கும் வழக்கமும் முன்பே தயாராக இருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் தங்கை உள்ளே நுழைந்தவுடன் பார்ப்பது குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சுற்றியிருக்க நடுவில் தட்டுகள், குவளைகள், ஒரு கத்தி, வெட்டுவதற்கு ஓர் அட்டை, சுருட்டிவைத்த பெரிய பிளாஸ்டிக் பைகள். பிரார்த்தனை முடிந்ததும் முதலில் சூடானவை வரும்: கரிபூ மானின் இறைச்சி போட்ட சூப், வாத்துச் சூப், எண்ணெயில் பொரித்த டோனட், தேநீர். கரிபூவைத் துத்து என்பார்கள். பனிப்பிரதேசப் புல்வெளியில் மந்தை மந்தையாய் அலையும் மான் அது. வாத்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1961இல் வசந்தகால வாத்து வேட்டைக்காக இந்த ஊரில் சிலரைக் கைது செய்தபோது, 138 பேர் ஆளுக்கொரு வாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போய் 'எங்களையும் பிடியுங்கள்' என்று அதிகாரியின் முன் நின்றார்கள். சூப்பில் மிதக்கும் அந்த இறைச்சித் துண்டுக்குப் பின்னே இப்படியும் ஒரு கதை இருக்கிறது.

சூடானவை முடிந்ததும் உறைந்தவை. படகுக் குழுவினர் பெட்டிகளையும் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வருவார்கள், முதியவர்களுக்கே முதலில். உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்பது உண்டு. வீட்டில் படுத்திருக்கும் தாத்தாவையும் சேர்த்து எண்ணிக்கை சொல்வார்கள், அத்தனைக்கும் பங்கு விழும். உறைந்த பச்சை மீனுக்கும் இறைச்சிக்கும் குவாக் என்று பொதுப்பெயர். ஆற்றில் பிடித்த கொழுத்த வெண்மீனை இலையுதிர்காலத்தில் முழுதாக உறையவிட்டு, தோலை உரித்து, மரச்சீவல்போல் மெல்லிய இதழ்களாகச் சீவுவார்கள். நாக்கில் பட்டதும் முதலில் தெரிவது குளிர், பிறகுதான் மீன். திமிங்கில இறைச்சியும் கரிபூவும் இதே முறையில் உறைந்தபடி சீவி உண்ணப்படும்.

எல்லாரும் காத்திருப்பது மக்தக்குக்கு. திமிங்கிலத்தின் தோலும் அதை ஒட்டிய கொழுப்பும் சேர்ந்த துண்டு அது. மேலே பெருவிரல் அகலத்துக்குக் கரியநிறத் தோல், கீழே இளஞ்சிவப்பு ஓடிய வெண்கொழுப்பு. இரண்டும் சேர்ந்து செங்கல் கட்டிபோல் உறைந்திருக்கும். அதை உலு என்னும் அரைவட்டக் கத்தியால் வெட்டுவார்கள். கைப்பிடி நடுவில் இருப்பதால் உள்ளங்கையின் முழு பலமும் நேராக அலகின்மேல் இறங்கும். இழுத்து அறுக்காமல், முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் போதும். உலு பெண்களின் கருவி, தாயிடமிருந்து மகளுக்குப் போவது. முற்றிலும் உறைந்த கட்டி கத்திக்கு மசியாது, முற்றிலும் இளகியது வழுக்கும். ஓரம் மட்டும் லேசாக வியர்க்கும் பதத்தில் மெல்லிய கீற்றாக வெட்டி, உப்புத் தொட்டு வாயில் போட்டுக்கொள்வார்கள். தோல் பற்களுக்கு நல்ல வேலை கொடுக்கும், கொழுப்புச் சீக்கிரம் கரையும். முற்றிய தேங்காய்க் கீற்றின் சுவை என்று சொல்லும் வெளியூர்க்காரர்கள் உண்டு. கடுகுச் சாந்தும் சோயா சாஸும் தொட்டுக்கொள்ளும் இளைஞர்களை யாரும் தடுப்பதில்லை. காய்கனி காணாத குளிர்காலங்களிலும் இந்த மக்களுக்கு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வராததற்கு, பச்சை மக்தக்கில் அந்தச் சத்து இருப்பது ஒரு காரணம். வேகவைத்தால் அந்தச் சத்தில் ஒரு பகுதி போய்விடும்.

சீல் எண்ணெய் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கிண்ணத்தில் இருக்கும். சீலின் கொழுப்பைப் பட்டைகளாகக் கீறிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால், அடுப்பில்லாமலேயே எண்ணெய் தானாகப் பிரிந்து ஊறும். உலர்த்திய இறைச்சியையும் உறைந்த மீனையும் அதில் தோய்த்து உண்பது, நாம் இட்லிப் பொடியில் எண்ணெய் விடுவதைப்போல அவர்களுக்கு இயல்பானது. முதல் முறை முகர்பவருக்கு மீனெண்ணெய் வாடை தூக்கலாகத் தெரியும்; துளியில் தொடங்குவது நல்லது.

அகுதுக் என்பதைப் பலர் எஸ்கிமோ ஐஸ்கிரீம் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அதைக் கேட்டுப் பாலாடையை எதிர்பார்த்தால் ஏமாற்றந்தான். கரிபூ மானின் கெட்டிக் கொழுப்பைத் துருவி, அகன்ற பாத்திரத்தில் போட்டு, வெறுங்கையால் அடிக்க வேண்டும். கையின் சூட்டில் கொழுப்பு இளகத் தொடங்கும்போது சீல் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, இடையிடையே கொஞ்சம் நீர் தெளித்து, திரும்பத் திரும்ப அடிப்பார்கள். அவசரப்பட்டு எண்ணெயைக் கொட்டினால் கலவை பிரிந்துவிடும், பொறுமையாகச் செய்தால் காற்றேறி வெண்ணெய்போல் பொங்கி இரண்டு மடங்காகும். தோள் வலிக்கும் வேலை. பிறகு அதில் அக்பிக் என்னும் செம்மஞ்சள் நிறப் பனிநிலப் பழத்தையோ, வெந்து உதிர்த்த மானிறைச்சியையோ கலப்பார்கள். ஆகஸ்டில் கொசுக்கடியில் குனிந்து பொறுக்கிய பழம் டிசம்பரில் பந்திக்கு வருவதால், அந்தக் கிண்ணம் வரும்போது பந்தியில் ஓர் ஆரவாரம் எழும்.

மிகிகாக் என்பதையும் உங்கள் தங்கை கேள்விப்படுவார். திமிங்கில இறைச்சி, நாக்கு, மக்தக் துண்டுகளை அதன் இரத்தத்திலேயே ஊறவிட்டுப் புளிக்கவைப்பது அது. இது பெரும்பாலும் ஜூன் மாத நலுகதாக்குக்கே செய்யப்படும், ஆனால் சில வீடுகளில் மற்ற நாட்களிலும் இருக்கும். குளிர்ந்த அறையில் வைத்து நாள்தோறும் பலமுறை கிளறிக் காற்றுப்பட விட வேண்டும். இரண்டு வாரம் வரை கவனம் பிசகக்கூடாது. நன்றாக அமைந்தால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்திருக்கும்.

எல்லா இனுபியாத் ஊர்களிலும் இதே பட்டியல் என்று கொள்ள வேண்டாம். தெற்கே கோட்செபூவில் போஹெட் அரிது. அங்கே வெண்ணிற பெலுகா திமிங்கிலத்தின் தோலும், பனியில் துளையிட்டுப் பிடித்த ஷீஃபிஷ் என்னும் பெரிய மீனும், கரிபூவும், சீல் எண்ணெயும் முன்னே நிற்கும். உள்நாட்டு மலைத்தொடரில் இருக்கும் அனாக்துவுக் பாஸ் கடலையே பாராத ஊர், முழுக்க முழுக்கக் கரிபூவை நம்பியது. ஆனால் உலர்ந்த மானிறைச்சி கடற்கரைக்குப் போக, மக்தக்கும் சீல் எண்ணெயும் மலைக்கு வரும் உறவு இன்றும் தொடர்வதால் அங்கேயும் விருந்தில் மக்தக் தலைகாட்டும்.

இப்போது பாதுகாப்பு. கேட்கவே தயங்கியிருக்கிறீர்கள், தயங்க வேண்டியதில்லை, இதைப் பற்றி அந்த ஊரார்களே வெளிப்படையாகப் பேசுகிறார்கள். உறைந்த மக்தக்கையும் மீனையும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டவர்கள் வெட்டித் தரும்போது அஞ்ச வேண்டியது குறைவு. உண்மையான அபாயம் பாட்யூலிசம் என்னும் நச்சு. அதைச் சுரக்கும் கிருமியின் 'E' வகை வடதுருவக் கடலோரங்களில் இயற்கையாகவே இருக்கிறது, காற்றில்லாத இடத்தில் அது நஞ்சைச் சுரக்கும். பழைய முறையில் புல் பரப்பிய குழியிலும் மரத்தொட்டியிலும் குளிரில் ஊறிய உணவை, மூடி இறுக்கிய பிளாஸ்டிக் வாளியிலும் பையிலும் வெதுவெதுப்பான வீட்டுக்குள் வைக்கத் தொடங்கிய பிறகுதான் அலாஸ்காவில் நோய் கூடியது. 2002 ஜூலையில் மேற்கு அலாஸ்காவின் ஓர் ஊரில், கரையொதுங்கிய பெலுகாவின் வால்தோலைப் பைகளில் அடைத்து வைத்து உண்ட 14 பேரில் 8 பேருக்கு இந்நோய் வந்தது. நச்சு வாடையால் தெரியாது. எனவே புளித்தவை விஷயத்தில் மட்டும், யார் செய்தது, எப்படி வைத்திருந்தது என்று அழைத்த அம்மையாரிடம் கேட்டு, அவர் சாப்பிடுவதையே சாப்பிடட்டும். இரட்டைப் பார்வையோ, நாக்குழறலோ, விழுங்கச் சிரமமோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், முறிமருந்து இருக்கிறது. வால்ரஸ், பனிக்கரடி இறைச்சி கிடைத்தால் நன்கு வெந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: அவற்றில் இருக்கும் டிரிக்கினெல்லாப் புழுவின் வடதுருவ இனம் உறைபனியிலும் சாவதில்லை.

இந்தக் காரணங்களால் அலாஸ்கா மாநில விதிகள் பள்ளி, மருத்துவமனைச் சமையற்கூடங்களில் சீல் எண்ணெய், புளித்த இறைச்சி போன்றவற்றை நெடுங்காலமாக அனுமதிக்கவில்லை. ஊர் விருந்துக்கு அந்தத் தடை இல்லை. இதனால் வாழ்நாள் முழுவதும் நிகிபியாக் உண்ட முதியவர்கள், முதியோர் இல்லத்துக்குப் போனவுடன் விருந்து நாளில் மட்டுமே அதைக் காணும் நிலை இருந்தது. 2014ஆம் ஆண்டின் கூட்டரசு வேளாண் சட்டம், நன்கொடையாக வரும் மரபு உணவுகளைப் பொது நிறுவனங்களில் பரிமாற வழி திறந்தது. கோட்செபூவில் பூர்வகுடியினரின் சுகாதார அமைப்பான மனீலாக் அதற்கென்றே ஒரு பதனிடு கூடம் நடத்துகிறது; நச்சை அழிக்கும் அளவுக்குச் சூடாக்கும் முறையை வகுத்து, 2021இல் சீல் எண்ணெய்க்கும் அனுமதி பெற்றது.

பணத்தை மட்டும் நீட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டை உரிமையை அலாஸ்காவின் பூர்வகுடியினருக்கே அளிக்கிறது. அந்த இறைச்சியை வெளியாருக்கு வணிகமாக விற்க இடமில்லை. விடுமுறையில் ஊருக்குத் திரும்பும்போது உங்களுக்கு ருசி பார்க்க ஒரு துண்டு மக்தக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரவும் கூடாது: போஹெட் பன்னாட்டு வணிகத் தடைப்பட்டியலின் உச்சப் பிரிவில் இருப்பதால் எல்லையில் பெரிய தொல்லையாகிவிடும்.

வேட்டையின் நியாயத்தைப் பற்றிப் பந்தியில் விவாதம் தொடங்காதிருப்பது நாகரிகம், ஆனால் பின்னணி தெரிந்திருப்பது நல்லது. 1977இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம், போஹெட் மிகக் குறைந்துவிட்டதென்று சொல்லி இந்த வேட்டைக்குத் தடை விதித்தது. அந்த ஆண்டே படகுத் தலைவர்கள் கூடி அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில ஆணையத்தை நிறுவினார்கள். 1978க்கென்று எல்லா ஊர்களுக்கும் சேர்த்துக் கரைசேர்க்க முதலில் ஒதுக்கப்பட்டது 12 திமிங்கிலம் மட்டுமே. பனிக்கட்டிகளுக்கு அடியிலும் திமிங்கிலம் போகிறது, கண்ணால் எண்ணுபவர்கள் அவற்றைத் தவறவிடுகிறார்கள் என்று வேட்டைக்காரர்கள் விடாமல் சொன்னார்கள். நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அது மெய்யென்று தெரிந்தது. 2001இல் பத்தாயிரத்துக்கும் மேல், 2011இல் சுமார் 16,900 என்று கணக்கு ஏறியது. இன்று 11 ஊர்கள் அறிவியல் கணக்கின்மேல் அமைந்த ஒதுக்கீட்டின்படி வேட்டையாடுகின்றன. இவ்வளவு இருந்தும், சில ஆண்டுகளுக்கு முன் திமிங்கிலம் பிடித்த ஓர் அலாஸ்கச் சிறுவனை உலகின் பல மூலைகளிலிருந்து முகந்தெரியாதவர்கள் இணையத்தில் ஏசித் தீர்த்தார்கள். ஆகவே உங்கள் தங்கை படம் எடுக்குமுன் அனுமதி கேட்கட்டும், கேட்டு எடுத்ததையும் பொதுவெளியில் போடாமல் இருக்கட்டும்.

அவர் மரக்கறி உண்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் தேநீரையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு, மற்றதை 'நான் உண்பதில்லை' என்று மென்மையாகச் சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்; டோனட் எந்த எண்ணெயில் பொரித்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். அகுதுக்கில் பழம் தெரிந்தாலும் அடிப்படை விலங்குக் கொழுப்பு என்பதை மறக்க வேண்டாம். உண்பவரானால் சிறு துண்டு எடுத்து முழுவதையும் மெல்லட்டும். முகஞ்சுளித்துத் துப்புவதைவிட, பிடிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வதை அங்கே பெரிதும் மதிப்பார்கள்.

கையில் என்ன கொண்டு போவது என்பது கடைசிக் கேள்வி. ஆரஞ்சு, ஆப்பிள், திராட்சை எல்லாம் விமானத்தில் வர வேண்டிய ஊரில் ஒரு பை பழம் நல்ல கொடை, கேக்கும் ஏற்கப்படும். நேரமிருந்தால் முந்தைய நாள் போய் வெட்டவோ, பொட்டலம் கட்டவோ, விருந்தன்று பரிமாறவோ கைகொடுக்கலாம், இளையவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது அதுதான். தட்டு, குவளை, சிறு கத்தி, உப்புப் பொட்டலம் இவற்றோடு, பூட்டுவாய் உள்ள பெரிய பிளாஸ்டிக் பைகள் நாலைந்தைக் கட்டாயம் எடுத்துப்போகச் சொல்லுங்கள். மக்தக்கைக் கையில் வைத்துக்கொண்டு பரிமாறுபவர் முன்னால் நிற்கும்போது பையை விரித்துப் பிடித்து, குயனாக் என்று சொல்ல வேண்டும். நன்றி என்று பொருள். வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டால், தனியாக இருப்பதற்காகக் கூச்சப்படாமல் ஒருவர் என்று சொல்லட்டும். அவர் இரண்டு பேருக்கானதைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடக்கூடும்.